உப்பு மரவையைப் பற்றி நீ சொல்லும் கதை

மகனுக்கு,

உன் கல்யாணத்துக்கு நான் தந்த உப்பு மரவையை வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டி நீ சொல்லும் கதை பொய். அதை உனக்குச் சொல்லித் தந்தவன் நான்தான், ஆகவே பொய்யன் என்ற பெயர் உனக்குச் சேராது. வவுனியாவுக்கு நாங்கள் வந்திருந்தபோதும் உன்னோடு கந்தோரில் வேலை பார்க்கிற ஆட்களுக்கு முன்னால் அந்த மரக்கிண்ணத்தைக் கையில் எடுத்து, விளிம்போரம் இருக்கும் துளைக்குள் சுண்டுவிரலை விட்டுக் காட்டினாய். "இது துவக்குச் சன்னம் பாய்ஞ்ச பூவரசு. அப்பா இதைக் கடைஞ்சுகொண்டிருந்த அண்டைக்குத்தான் அம்மாவுக்கு ஷெல் பட்டுக் கண் போனது. மரமும் தப்பிச்சுது, அம்மாவும் தப்பிச்சா" என்றாய். அவர்கள் சூள் கொட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்தார். நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். "பாவம், பழசு ஞாபகம் வந்திட்டுது" என்று நீ அவர்களுக்குச் சொன்னாய். மரத்தில் சன்னம் இருந்தது உண்மை. அம்மாவின் இடது கண் அன்றைக்குப் போனதும் உண்மை. ஆனால் அந்தக் கண்ணை எடுத்தவன் நான்.

இத்தனை வருடம் வாயைத் திறக்காதவன் இப்போது ஏன் திறக்கிறான் என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வதனி ஒரு பையோடு வந்து படலையடியில் நின்றாள். உன்னைக் கல்யாணம் முடித்து இந்த ஒன்றரை வருடத்தில் அவள் தனியாக வந்தது இதுதான் முதல்தரம். கன்னம் வீங்கிக் கண்ணோரம் கன்றிப்போயிருந்தது. "என்ன பிள்ளை இது?" என்றேன். "அலுமாரிக் கதவு பட்டது மாமா" என்றாள். அலுமாரிக் கதவு எந்த உயரத்தில் எந்த மாதிரிப் படும் என்று ஒரு மரவேலைக்காரனுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனாலும் நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அந்த மாதிரிப் பொய்யை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் ஒன்றைப் பதினாறு வருடமாகச் சோறு போட்டு வளர்த்திருக்கிறேன்.

அன்று பின்னேரம் நீ எதிர்வீட்டு மாஸ்டரின் டெலிபோனுக்கு எடுத்தாய். அழுவாய், அல்லது வெட்கப்படுவாய் என்று நினைத்துக்கொண்டு ரிசீவரை வாங்கினேன். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பிறகு நான் சொல்லவில்லை என்று நிற்காதே. "வெள்ளிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போறன் அப்பா. அதுக்கிடையில நீங்களும் அம்மாவும் அவவுக்கு ரெண்டு புத்தி சொல்லி வையுங்கோ. என்ர கோவம் உங்களுக்குத் தெரியும்தானே. உங்கட சுபாவம்தான் எனக்கும். அம்மா உங்களோட இருக்கேல்லையே?" நான் "ம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மாஸ்டரின் மனைவி தேத்தண்ணி குடிக்கச் சொன்னா. குடிக்காமலே படலையைக் கடந்து வந்துவிட்டேன்.

அம்மா உங்களோடு இருக்கவில்லையா என்று கேட்டாயே, அவள் எப்படி இருந்தாள் என்பதைக் கேள். நீ அப்போது மூன்றாம் வகுப்பு. துறைமுகக் கரையோரமாக நின்ற மரங்களை, காவலுக்குப் பார்வை மறைக்கிறது என்று வெட்டி விழுத்திக்கொண்டிருந்த காலம். நூறு வருடப் பூவரசுகள் வீதியோரம் துண்டு துண்டாகக் கிடந்தன. ஆமிக்காரன் வெட்டிய மரத்தை ஆரும் தொடமாட்டார்கள், பயம். தச்சர்களும் எடுக்கமாட்டார்கள், அதற்குக் காரணம் வேறு. அந்தக் கரையில் நின்ற மரத்துக்குள் என்னென்ன கிடக்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். அறுக்கும் வாள் பட்டால் பல்லெல்லாம் போகும். எனக்கு ஆசை விடவில்லை. பூவரசின் வயிரம் கறுத்த மண்ணிறம், அறுக்கும்போது லேசாகப் பன்னீர் மணக்கும், கடைந்து எண்ணெய் பூசினால் முகம் பார்க்கலாம். அம்மா வேறு ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். உப்புப் போட்டு வைத்த தகரப்பேணி கறள் பிடித்து அடி கழன்றுவிட்டது, ஒரு மரவை கடைந்து தாருங்கோ என்று. ஊருக்கெல்லாம் கட்டில்காலும் உலக்கையும் பூரிக்கட்டையும் கடைகிறவனின் குசினியில் உப்பு வைக்க ஒரு பாத்திரம் இல்லை. அந்தக் காலத்தில் என்னைப் போன்ற கெட்டிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் இருந்தோம்.

காலையில் சைக்கிள் கரியரில் ஒரு குற்றியைக் கட்டிக்கொண்டு வந்தேன். கிளை பிரியும் இடத்துக் குற்றி, ஒரு ஆள் தூக்கக்கூடிய பாரம்தான். சென்றியில் நின்ற சிப்பாய் மறித்தான். உன்னைவிட வயது குறைந்தவன், மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. அடையாள அட்டை கேட்டான். சட்டைப் பையைத் தடவினேன், மற்றச் சட்டைக்குள் விட்டுவிட்டு வந்திருந்தேன். அந்தக் காலத்தில் தலையை வீட்டில் விட்டுவிட்டு வந்தாலும் வரலாம், அட்டையை விடக்கூடாது. அவன் முதலில் கன்னத்தில் அறைந்தான். பிறகு குற்றியை அவிழ்க்கச் சொன்னான், வீதி நடுவில் முழங்காலில் இருக்கச் சொன்னான், குற்றியைத் தலையில் வைத்துப் பிடிக்கச் சொன்னான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கந்தோருக்குப் போகிற சனம், சந்தைக்குப் போகிற சனம், என்னிடம் கட்டில்கால் வாங்கிய சனம், எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கடந்து போனார்கள். கை நடுங்கிக் குற்றி சரிந்தபோதெல்லாம் துவக்குப் பிடியால் முதுகில் இடித்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சிறுநீர் போய்விட்டது. இதை நான் இதுவரை ஆருக்கும் சொன்னதில்லை.

ஆரோ போய்ச் சொல்லி அம்மா அட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். தலை வாரி இழுக்கவில்லை, செருப்புப் போடவில்லை. அவளுக்குத் தெரிந்த சிங்களம் நாலு சொல். ஐயோ, ஐயா, என்னுடைய, புருஷன். அந்த நாலையும் அழுதழுது திருப்பித் திருப்பிச் சொன்னாள். "மாத்தயா... அனே மாத்தயா... மகே மஹத்தயா..." அவன் சப்பாத்துக்கு முன்னால் நிலத்தில் குந்திக் கும்பிட்டாள். அவன் அட்டையைப் பார்த்தான், என் நனைந்த சாரத்தைப் பார்த்தான், சிரித்தான், போகச் சொன்னான். நான் எழும்பும்போது அவள் கையைப் பிடித்தாள். நான் உதறினேன். உயிரை மீட்டுக்கொண்டு வந்தவளின் கை அது. என்னை அந்தக் கோலத்தில் பார்த்த கண் என்பது மட்டும்தான் அப்போது எனக்குள் ஓடியது. வீடு வரைக்கும் அவள் பின்னால் வந்தாள், நான் திரும்பிப் பார்க்கவில்லை.

குளித்துச் சாரம் மாற்றி, நேரே பட்டறைக் கொட்டிலுக்குள் போனேன். "இண்டைக்கு வேலை வேண்டாம், படுங்கோ" என்றாள். கேட்கவில்லை. அந்தக் கிழமை முழுவதும் கறண்ட் இல்லை. கறண்ட் இல்லாத நாட்களில் எங்கள் வீட்டுக் கடைச்சல் எப்படி நடந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும்: பழைய வண்டிச் சில்லு ஒன்றில் பட்டி போட்டிருந்தேன், அம்மா எதிரே நாலடி தள்ளி நின்று கைபிடியைப் பிடித்துச் சில்லைச் சுற்றுவாள், பட்டி இழுக்க என் பக்கத்தில் கட்டை சுழலும், நான் உளியைப் பிடிப்பேன். ஊரில் "அவர் கடைந்த மரவை" என்றுதான் சொல்வார்கள். பாதி வேலை அவளுடைய தோளில் நடந்தது. ஒரே சீராகச் சுற்றுவாள். அவள் கை களைத்தால் உளி அதைச் சொல்லும், நான் கோபப்பட்டால் கைபிடி அவளுக்குச் சொல்லும்.

குற்றியை அறுத்து, வட்டமாகச் செதுக்கி, திருகாணி போட்டுச் சுழலும் தட்டில் பூட்டினேன். மரம் சுத்தமானது இல்லை. கிளை பிரிந்த இடத்தில் பட்டை உள்ளே மடிந்து ஒரு கறுத்த வெடிப்பு. அதற்குக் கீழே கோழிமுட்டை அளவு கணு. வண்டு குடைந்த துளைகள் மூன்று. இப்படியானவை பயப்படவேண்டிய குறைகள் இல்லை. பட்டை வெடிப்பை விளிம்பில் வருமாறு வைத்தால் அது பாட்டுக்குக் கிடக்கும், கணு இறுக்கமாக இருந்தால் மெல்ல மெல்லச் சீவிக் கடக்கலாம், துளைக்கு அரக்கு. பிறவிக் குறையோடு மரம் ஒத்துப்போயிருக்கும், அதை மதித்து உளியைப் பிடித்தால் அதுவும் நம்மை மதிக்கும். பயமெல்லாம் வெளியிலிருந்து உள்ளே போன பொருளுக்குத்தான். அதற்கு நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். பழைய லவுட்ஸ்பீக்கர் ஒன்றின் காந்தத்தைக் கழற்றி நூலில் கட்டி, கடைவதற்கு முன் கட்டையைச் சுற்றிவரத் தொங்கவிட்டுப் பார்ப்போம். உள்ளே இரும்பு கிடந்தால் காந்தம் சரிந்து ஒட்டும். இரும்பைச் சுற்றி மரமும் கறுத்திருக்கும். அன்றைக்குக் காந்தம் அசையவில்லை, மரமும் கறுக்கவில்லை. சரி என்று தொடங்கினேன். ஈயத்துக்கும் செம்புக்கும் காந்தம் அசையாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஷெல்துண்டைத் தேடித் தேடி, துவக்குச் சன்னம் என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்தேன்.

வெளிப்பக்கம் எடுத்து முடித்தாயிற்று. வடிவான மரவை, கையால் தடவினால் பூனை முதுகு. திருப்பிப் பூட்டி உட்பக்கம் குடையத் தொடங்கினேன். வெடிப்பும் துளையும் உளியைக் கடக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் டொக், டொக் என்று ஒரு வெறுஞ்சத்தம் வரும். அது இரண்டு பேருக்கும் பழகின சத்தம். கொஞ்சம் ஆழம் போனதும் சத்தம் மாறியது. அம்மா சுற்றுவதைக் குறைத்தாள். "இஞ்சாருங்கோ, இது ஓட்டைச் சத்தம் இல்லை. உள்ளுக்கு ஏதோ கிடக்கு."

"காந்தம் பாத்தாச்சு. சுத்து."

சுற்றினாள். திரும்பவும் குறைத்தாள். "கைபிடியில பிடிச்சுப் பிடிச்சு விடுது. நிப்பாட்டிப் பாருங்கோ."

"நீ எனக்குப் படிப்பிக்கிறியோ? சுத்தடி!"

எனக்கும் அந்தப் பிடிப்பு உளியில் தெரிந்தது, மகனே. அவள் சொல்வது சரி என்று என் கை எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அவள் சரியாக இருப்பதுதான் அன்றைக்குப் பொறுக்கவில்லை. காலையிலும் அவள்தான் சரி, அட்டையைக் கொண்டுவந்தவள் அவள்தான், காலில் விழுந்து என்னை எழுப்பியவள் அவள்தான். உளியை இன்னும் அழுத்தினேன். அவள் சில்லை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்திவிட்டாள். உளி குத்தி விளிம்பில் ஒரு சிராய் பறந்தது. அப்போது அவள் சொன்னாள், சத்தமாகக்கூட இல்லை, ஒரு காய்ச்சல்காரப் பிள்ளைக்குச் சொல்வதுபோல: "விடுங்கோ. காலமை பட்டது போதும்."

பக்கத்தில் கொட்டாப்புளி கிடந்தது. புளியமர வயிரத்தில் நானே செய்தது, உளிப்பிடியில் தட்டுவதற்கு. அதை எடுத்து எறிந்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், குறி மட்டும் ஒருபோதும் தப்பாது. நாலடி தூரம். கண்ணில் பட்டது. ஒரு சத்தம் கேட்டது, அதை எழுதமாட்டேன். அவள் கத்தவில்லை. சில்லைப் பிடித்தபடியே கீழே இறங்கி இருந்தாள், விரல்களுக்கிடையால் இரத்தம் சட்டை முழுவதும் போனது. நான் என்ன செய்தேன் தெரியுமா? முதலில் மரவையைத்தான் பார்த்தேன், எவ்வளவு உடைந்துபோனது என்று. ஒரு விநாடிதான்.

அன்று துறைமுகப் பக்கம் உண்மையாகவே இரண்டு ஷெல் விழுந்திருந்தது, மத்தியானத்துக்குக் கொஞ்சம் முதல். வீதியில் வாகனம் இல்லை. கிண்ணியாவிலிருந்து மீன் கொண்டுவந்த முஸ்லிம் நாநா ஒருவர் தன் வான் வண்டியை நிறுத்தி, "ஏத்துங்க, ஏத்துங்க" என்று தானே ஐஸ் பெட்டியை நகர்த்தி இடம் செய்து தந்தார். ஆஸ்பத்திரியில் நிலமெல்லாம் ஆட்கள். நேர்ஸ் பிள்ளை ஓடிவந்து துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, என்னைப் பாராமலே கேட்டாள்: "ஷெல்லா?"

"ஓம்" என்றேன்.

அவ்வளவுதான். அம்மாவின் மற்றக் கண் திறந்திருந்தது. அந்தக் கண் என்னைப் பார்த்தது. நேர்ஸ் கடதாசித் துண்டில் எழுதினாள், டாக்டர் அதைப் பார்த்து எழுதினார், பிறகு அரசாங்கப் பதிவுக்கு விதானையார் எழுதினார், அதற்குப் பிறகு ஊரே எழுதிவிட்டது. பள்ளிக்கூடத்தால் வந்த உனக்கு மாஸ்டர் சொன்னார், அன்றைக்கு நான் சொல்லத் தேவை வரவில்லை. சனம் முட்டையும் பாலும் கொண்டுவந்தது. என் தோளில் கைவைத்து, "மனதைத் தேற்றிக்கொள்ளும்" என்றார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஏலாது என்பது அமைதியான ஊருக்குப் பொருந்தும். ஒவ்வொரு வீட்டிலும் இழவு விழும் ஊரில் ஒருத்தியின் கண்ணை மறைக்க ஒரு சொல் போதும். சண்டை எனக்குச் செய்த உதவி அது. நான் அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டு மாதம் கழித்து மரவையை எடுத்து முடித்தேன். அவள் சொன்ன இடத்தில் ஊசியால் கிண்டினேன், நசிந்த சன்னம் ஒன்று வெளியே வந்தது. துளையை அரக்கால் அடைக்காமல் விட்டேன். ஏன் விட்டேன் என்று சரியாகத் தெரியவில்லை, ஒரு தண்டனைபோல என்று அப்போது நினைத்திருக்கலாம். பார்க்கிறவர்களுக்கு அதுவே வடிவாகத் தெரிந்தது. கண்ணுக்குக் கட்டுப் போட்ட மனைவியின் குசினியில் சன்னத் துளை மரவை! கதை தானாக வளர்ந்தது, நான் தண்ணீர் மட்டும் ஊற்றினேன், உனக்கும் அப்படியே சொல்லித் தந்தேன். அம்மா பதினாலு வருடம் அதிலிருந்து உப்பு எடுத்தாள். உன் கல்யாணத்துக்கு அதைக் கொடுத்துவிடுவோம் என்று சொன்னவள் அவள்தான். நான் அதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன். வீட்டைவிட்டு அது தொலையட்டும் என்று அவள் நினைத்ததாக இந்தக் கிழமைதான் எனக்குச் சொன்னாள்.

அந்தப் பொய் உன்னை எங்கே கொண்டுபோகப் பார்த்தது என்று யோசி. பதினாறு வயதில் ஒரு நாள், ஒரு சாரத்தையும் துவாயையும் பொட்டலமாகச் சுற்றிக்கொண்டு முற்றத்தில் நின்றாய். இயக்கத்துக்குப் போகப்போகிறாய். "அம்மான்ர கண்ணை எடுத்தவங்களை நான் சும்மா விடேலாது" என்றாய். அம்மா வாசலில் குறுக்கே படுத்துவிட்டாள். "என்ர கண்ணுக்காகப் போகாத ராசா, என்ர கண்ணுக்காகப் போகாத" என்று கதறினாள். கதறிக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்து மூன்று சொல் சொல்லியிருந்தால் நீ அந்தப் பொட்டலத்தை அவிழ்த்திருப்பாய். அதை என் முகத்தில் எறிந்திருப்பாய், அதுவும் சரிதான். நான் சொல்லவில்லை. பிள்ளை சாகப் போனாலும் பரவாயில்லை, என்னைப் பற்றி அவனுக்குத் தெரியக்கூடாது என்று நின்றேன். அன்று உன்னை மறித்தது அவளுடைய உடம்பு. உன்னோடு கூடப் படித்தவர்கள் போனார்கள், இரண்டு பேர் வரவில்லை.

கண் போன பிறகு நான் அவளில் கை வைக்கவே இல்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. இரண்டு தரம் அடித்தேன். இரண்டாவது தரம் நீ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாய், பத்து வயது. அவள் கிணற்றடிக்குப் போன பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாய்: "அப்பா, அம்மா என்ன பிழை செய்தவ?" ஏன் அடித்தீர்கள் என்று நீ கேட்கவில்லை. அடி விழுந்தால் அடி வாங்கினவரிடம்தான் பிழை இருக்கும் என்று அதற்குள் படித்துவிட்டாய். அந்தப் பாடத்துக்கு நான்தான் வாத்தியார். வதனியைக் கூட்டிக்கொண்டு போக வரும் நீ, அவளுக்குப் புத்தி சொல்லி வைக்கச் சொன்னது எங்கிருந்து வந்தது என்று நான் வேறெங்கும் தேடப்போக வேண்டியதில்லை.

இனி அந்தச் சுபாவக் கதைக்கு வருகிறேன். எனக்குச் சுபாவம் அப்படி, பிறவிக் கோபம், மரத்தில் கணு மாதிரி என்று நானும் வாழ்நாள் முழுவதும் சொல்லித் திரிந்தவன். யோசித்துப் பார், வீதியில் என்னை முழங்காலில் வைத்து அறைந்தவன் எனக்கு எட்டும் தூரத்தில் நின்றான். என் கை அசைந்ததா? குற்றியைப் பிடித்த விரல்கூட அசையவில்லை. பிறவிக் கோபம் அங்கே எங்கே போனது? கணு ஆள் பார்த்து உளியை உடைப்பதில்லை. என் கோபம் ஆள் பார்த்தது, இடம் பார்த்தது, திருப்பி அடிக்கமாட்டாள் என்று பார்த்தது. நீயும் உன் கந்தோர்ப் பெரியவருக்கு முன்னால் எத்தனை தரம் பல்லைக் கடித்துக்கொண்டு "ஓம் சேர்" என்று சொல்லியிருப்பாய். அடங்கத் தெரிந்த கைதான் உன்னுடையதும். வீட்டுக்குள் அடங்காவிட்டால், நீ அதை அடக்கவில்லை, அவ்வளவுதான் கணக்கு. சண்டைக்காலம், மனம் கெட்டுப்போனது என்றும் சாட்டுச் சொல்லாதே. மாஸ்டர் தம்பலகாமத்துப் பாதையில் ஒரே நாளில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். அந்த மனுசன் அன்றிலிருந்து விடியப்புறம் எழும்பித் தன் மனைவிக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கிறார், நான் வேலிக்கு மேலால் பார்த்திருக்கிறேன்.

உன் டெலிபோனுக்குப் பிறகு இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பதினாறு வருடத்தில் முதல்தரம். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தவில்லை. "எனக்கு உங்கட மன்னிப்பை வச்சு என்ன செய்ய? அவனுக்கு எழுதுங்கோ. நீங்கள் எழுதாட்டி நான் சொல்லுவன்" என்றாள். அதற்கு முதலே குசினியில் வைத்து வதனிக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது. பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்தது. "மாமா" என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை, ஆனால் தேத்தண்ணியைக் கையில் தராமல் கதிரையில் வைத்துவிட்டுப் போகிறாள். நேற்றுப் பின்னேரம் அவள் அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "அப்ப ஏன் மாமி நீங்கள் விட்டிட்டுப் போகேல்லை?" அம்மா அடுப்பை ஊதுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்காக, உனக்காக, குடும்ப மானத்துக்காக என்று ஏதாவது சொல்லுவாள் என்று நானும் சுவருக்கு இந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலையில் இரண்டு பேரும் வெளிக்கிட்டார்கள். வதனியிடம் அவள் கொண்டுவந்த பை, அம்மாவிடம் ஒரு பனையோலை உமல். சம்பூரில் அம்மாவின் அண்ணன் வீடு இருக்கிறது, லோஞ்சில் கடலைக் கடந்து மூதூருக்குப் போய் அங்கிருந்து பஸ். சமாதானம் என்று சொல்கிறார்களே, இது எத்தனை நாளைக்கோ தெரியாது, ஆனால் இப்போதைக்குப் பாதை திறந்துதான் கிடக்கிறது. வதனி தாய்வீட்டுக்குப் போனால் நீ நேரே அங்கே போய் நிற்பாய் என்று அம்மாதான் தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். அவளை விட்டுவிட்டு அம்மா திரும்பி வருவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் அலுமாரியைத் திறந்து தன்னுடைய சீலைகள் எல்லாவற்றையும், கல்யாணச் சீலை உட்பட, உமலுக்குள் அடுக்கியபோதுதான் விளங்கியது.

வெள்ளிக்கிழமை நீ வரலாம். வராமல் இருப்பது நல்லது, வந்தாலும் அவர்களைத் தேடிக் கடல் தாண்டாதே. அவள் தானாக வருகிறேன் என்று சொல்லும் வரைக்கும் அங்கேயே இருக்கட்டும். சொல்லாமலே விட்டாலும் அதைத் தாங்கிக்கொள். தாங்க ஏலாது என்றால் என்னிடம் வா. கொட்டாப்புளி இப்போதும் பட்டறையில்தான் கிடக்கிறது, அடிக்க வேண்டும் என்று இருந்தால் என்னை அடி, நான் அதற்குப் பொருத்தமான ஆள். இந்தக் கடிதத்தை நாளை வவுனியா பஸ்ஸில் போகிற மாஸ்டரின் மருமகனிடம் கொடுத்துவிடுகிறேன்.

படலை வரைக்கும் அவர்களுக்குப் பின்னால் போனேன். வதனி முன்னால் நடந்துவிட்டாள். "நீயுமோ?" என்று கேட்டேன், வேறு சொல் வரவில்லை. அம்மா உமலைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, என்னை நேரே பார்த்துச் சொன்னாள்:

"கண் போன அண்டைக்கே போயிருப்பன். லோஞ்ச் ஓடேல்லை."

அப்பா